எழுதுவது ‘வெட்-நெஸ்-டே’, சொல்வது ‘வென்ஸ்-டே’: ஆங்கில வார்த்தைகளை சிலபிளாகப் பிரிப்பது எப்படி? ஏன் அது முக்கியம்?

ஐந்தாம் வகுப்பு வரை ‘கேட்’, ‘பால்’, ‘டாக்’ என்று சின்னச் சின்ன வார்த்தைகளில் ஓடும் ஆங்கிலம், அதன் பிறகு ‘என்விரான்மென்ட்’, ‘அக்காமடேஷன்’, ‘டெம்பரேச்சர்’ என்று நீள ஆரம்பிக்கிறது. பல மாணவர்கள் ஆங்கிலத்தைப் பார்த்து மிரளத் தொடங்குவது இந்த இடத்தில்தான். பள்ளியில் தமிழ் வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். பாடம் புரியாமல் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் வரும் நீளமான வார்த்தைகளைப் படிப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

‘என்விரான்மென்ட்’ என்ற வார்த்தையில் 11 எழுத்துகள். அதை ஒவ்வொரு எழுத்தாக மனப்பாடம் செய்தால், நடுவில் வரும் ‘என்’ எழுத்து பெரும்பாலும் காணாமல் போய்விடும். அதையே ‘என் - வை - ரான் - மென்ட்’ என்று நான்கு துண்டாகப் பிரித்தால், 11 எழுத்து நான்கு சின்ன வார்த்தைகளாக மாறிவிடுகிறது. இந்தத் துண்டுகளுக்குப் பெயர்தான் சிலபிள். தமிழில் ‘அசை’ என்கிறார்கள்.

இதை எப்படிப் பிரிப்பது, இதனால் உச்சரிப்புக்கும் ஸ்பெல்லிங்குக்கும் என்ன லாபம், விதிகள் எங்கே கைவிடும் என்று விரிவாகப் பார்க்கலாம்.

சிலபிள் என்றால் என்ன?

ஒரே மூச்சுத் துடிப்பில் வாயிலிருந்து வரும் ஒலித்துண்டுதான் சிலபிள். ஒவ்வொரு சிலபிளுக்கும் நடுவில் பொதுவாக ஓர் உயிரொலி இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் மெய்யொலிகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு வார்த்தையை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். தாடை எத்தனை முறை கீழே இறங்குகிறதோ, கிட்டத்தட்ட அத்தனை சிலபிள். ‘கேட்’ என்றால் ஒன்று. ‘டைகர்’ என்றால் இரண்டு. ‘பனானா’ என்றால் மூன்று. சின்னக் குழந்தைகளுக்குக் கைதட்டி எண்ணச் சொல்லிக் கொடுப்பதும் இதற்காகத்தான்.

எண்ண வேண்டியது எழுத்தை இல்லை, ஒலியை. ‘பலங்கள்’ என்ற பொருள் தரும் ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்ற வார்த்தையில் 9 எழுத்துகள் இருக்கின்றன. ஆனால் ஓர் உயிரொலிதான். எனவே ஒரே சிலபிள். ‘ஏரியா’வில் வெறும் 4 எழுத்துகள்தான். ஆனால் ‘ஏ - ரி - யா’ என மூன்று சிலபிள். ‘கேக்’ என்ற வார்த்தையில் ஏ, இ என்று இரண்டு உயிரெழுத்துகள் இருந்தாலும், கடைசி ‘இ’ வாயைத் திறப்பதில்லை. அதனால் அதுவும் ஒரே சிலபிள்.

நம் யாப்பிலக்கணத்தில் வரும் அசையும் இதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. பள்ளியில் படித்த நேரசை, நிரையசையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. யாப்பில் ‘மலர்’ என்பது ஒரே நிரையசை. ஆனால் உச்சரிப்பில் ‘ம - லர்’ என்று இரண்டு சிலபிள். பெயர் ஒன்றாக இருந்தாலும் கணக்கு வேறு.

தமிழ் படித்தவர்களுக்கு இது ஏன் தடுக்கிறது?

தமிழில் எழுத்தைப் பார்த்தாலே ஒலி தெரிந்துவிடும். ‘க’, ‘கா’, ‘கி’ என்று உயிரும் மெய்யும் சேர்ந்தே ஓர் எழுத்தாக இருப்பதால், தனியாகப் பிரிக்க வேண்டிய தேவை அதிகம் வருவதில்லை. ஆங்கிலத்தில் ‘ஏ’ என்ற ஓர் எழுத்தே ‘கேட்’டில் ஒரு மாதிரி, ‘கேக்’கில் வேறு மாதிரி, ‘கார்’ரில் இன்னொரு மாதிரி ஒலிக்கிறது. எந்த ஒலி என்பதை அந்த எழுத்து எந்த வகை சிலபிளில் உட்கார்ந்திருக்கிறது என்பது பெருமளவு தீர்மானிக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் மரபில் ஒரு சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்களில் முடியவும் செய்யாது. அந்தப் பழக்கம் நம் வாயில் ஊறியிருக்கிறது. அதனால்தான் ‘ஸ்கூல்’ பல ஊர்களில் ‘இஸ்கூல்’ ஆகிறது. ‘பேக்’ என்பது ‘பேக்கு’ ஆகிறது. ஒரே சிலபிளாகச் சொல்ல வேண்டிய ‘ஃபில்ம்’, ‘ஃபிலிம்’ என்று இரண்டாகிறது. இது யாருடைய குறையும் இல்லை. தாய்மொழியின் ஒலி அமைப்பு அடுத்த மொழியில் எட்டிப் பார்ப்பது உலகம் முழுக்க நடப்பதுதான். ஆனால் சிலபிள் கணக்கு மாறினால் கேட்பவருக்குச் சில நேரம் வேறு வார்த்தையாகக் கேட்கும் என்பதால், இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆங்கிலத்தில் ஆறு வகை சிலபிள்

வாசிப்பு கற்றுத் தருபவர்கள் ஆங்கில சிலபிள்களைப் பொதுவாக ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள்.

1. மூடிய சிலபிள்: மெய்யெழுத்தில் முடியும். உயிரொலி குறுகி ஒலிக்கும். ‘கேட்’, ‘சிட்’, ‘நாப்-கின்’.

2. திறந்த சிலபிள்: உயிரெழுத்தில் முடியும். உயிரொலி நீண்டு, அந்த எழுத்தின் பெயராகவே ஒலிக்கும். ‘கோ’, ‘மீ’, ‘டை-கர்’ என்பதில் முதல் துண்டு.

3. பேசாத ‘இ’ சிலபிள்: கடைசியில் ‘இ’ இருக்கும், ஆனால் ஒலிக்காது. தனக்கு முன்னால் இருக்கும் உயிரை நீட்டிவிடும். ‘கேக்’, ‘டைம்’, ‘ஹோம்’.

4. கூட்டு உயிர் சிலபிள்: இரண்டு உயிரெழுத்துகள் சேர்ந்து ஒரே ஒலி தரும். ‘ரெயின்’, ‘போட்’, ‘டீம்’.

5. ‘ஆர்’ சிலபிள்: உயிரெழுத்துக்குப் பின்னால் ‘ஆர்’ வந்து ஒலியை மாற்றும். ‘கார்’, ‘பேர்ட்’, ‘ஃபார்ம்’.

6. மெய்யோடு ‘எல்-இ’ சிலபிள்: வார்த்தையின் கடைசியில் வரும். ‘டே-பிள்’, ‘சிம்-பிள்’, ‘லிட்-டில்’.

அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்டனும், கல்வியாளர் அன்னா கில்லிங்ஹாமும் 1930-களில், வாசிக்கத் தடுமாறும் குழந்தைகளுக்காக ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துச் சொல்லித் தரும் முறையை வளர்த்தார்கள். டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளுக்கான பயிற்சியில் அந்த முறையின் வழிவந்த பாடங்கள் இன்றும் பயன்படுகின்றன. அவற்றில் இந்த ஆறு வகைகளுக்கு முக்கிய இடம் உண்டு.

எங்கே வெட்டுவது?

நீளமான வார்த்தையைப் பார்த்ததும் இந்த வரிசையில் முயன்று பாருங்கள்.

முதலில் ஒட்டுகளைத் தனியாக எடுத்துவிடுங்கள். முன்னால் வரும் ‘அன்’, ‘ரீ’, ‘ப்ரீ’, பின்னால் வரும் ‘மென்ட்’, ‘நெஸ்’, ‘ஃபுல்’, ‘ஷன்’ எல்லாம் தனித் துண்டுகள். ‘அன்ஹேப்பி’யில் ‘அன்’னை எடுத்தால் மிச்சம் ‘ஹேப்-பி’. அதேபோல ‘கிளாஸ்-ரூம்’, ‘ரெயின்-போ’ மாதிரி இரண்டு வார்த்தை ஒட்டியிருந்தால், ஒட்டிய இடத்திலேயே வெட்டிவிடலாம்.

அடுத்து, இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே இரண்டு மெய்கள் இருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவில் வெட்டுங்கள். ‘ரேப்-பிட்’, ‘பென்-சில்’, ‘வின்-டர்’, ‘பாஸ்-கெட்’.

ஆனால் ‘எஸ்-எச்’, ‘சி-எச்’, ‘டி-எச்’, ‘பி-எச்’, ‘சி-கே’ போன்றவை பார்க்கத்தான் இரண்டு எழுத்து, ஒலி ஒன்றுதான். அவற்றை நடுவில் வெட்டக் கூடாது. அதனால்தான் ‘டால்-ஃபின்’ என்பதில் ‘பி’யும் ‘எச்’சும் பிரியாமல் ஒரே பக்கம் போகின்றன.

நடுவில் ஒரே ஒரு மெய் இருந்தால்தான் சிக்கல். முதலில் அந்த மெய்க்கு முன்னால் வெட்டி, உயிரை நீட்டிச் சொல்லிப் பாருங்கள்: ‘டை-கர்’, ‘ரோ-பாட்’, ‘பே-பர்’, ‘மியூ-சிக்’. தெரிந்த வார்த்தையாக வரவில்லை என்றால், மெய்க்குப் பின்னால் வெட்டி, உயிரைக் குறுக்கிச் சொல்லிப் பாருங்கள்: ‘லெம்-அன்’, ‘ரிவ்-அர்’, ‘கேப்-இன்’.

கடைசியில் மெய்யும் ‘எல்-இ’யும் வந்தால், அந்த மூன்றையும் சேர்த்து ஒரு துண்டாக எடுங்கள். ‘டே-பிள்’ என்பதில் முதல் துண்டு உயிரில் முடிவதால் நீள்கிறது. ‘ஆப்-பிள்’ என்பதில் முதல் துண்டு மெய்யில் மூடுவதால் குறுகுகிறது.

ஸ்பெல்லிங்கில் எந்த எழுத்து இரட்டிக்கும்?

சிலபிள் தெரிந்தால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். ‘டின்னர்’ என்றால் இரவுச் சாப்பாடு. அதில் இரண்டு ‘என்’. ‘டைனர்’ என்றால் சாப்பிடுபவர், அல்லது சின்ன உணவகம். அதில் ஒரே ‘என்’. ‘டின்-னர்’ என்பதில் முதல் துண்டை மூட ஒரு ‘என்’ தேவைப்படுகிறது. அடுத்த துண்டைத் தொடங்க இன்னொன்று. ‘டை-னர்’ திறந்த துண்டு என்பதால் ஒன்றே போதும்.

குதிப்பதற்கான ‘ஹாப்-பிங்’கில் இரண்டு ‘பி’, நம்புவதற்கான ‘ஹோ-பிங்’கில் ஒரு ‘பி’. எழுதுவதற்கான ‘ரை-டிங்’கில் ஒரு ‘டி’, எழுதப்பட்டது என்ற ‘ரிட்-டன்’னில் இரண்டு ‘டி’. எல்லாமே ஒரே கணக்கு.

தேர்வில் அதிகம் தடுக்கும் சில வார்த்தைகளையும் இப்படிப் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

‘அக்காமடேஷன்’: ‘அக் - காம் - மோ - டே - ஷன்’. முதல் வெட்டில் இரண்டு ‘சி’, இரண்டாவது வெட்டில் இரண்டு ‘எம்’.

‘டுமாரோ’: ‘டு - மார் - ரோ’. ‘எம்’ ஒன்று, ‘ஆர்’ இரண்டு.

‘கமிட்டி’: ‘காம் - மிட் - டீ’. ‘எம்’ இரண்டு, ‘டி’ இரண்டு, ‘இ’ இரண்டு.

‘பிகினிங்’: ‘பி - கின் - னிங்’. நடுவில் ‘என்’ இரண்டு.

எழுதும்போது ஒரு உச்சரிப்பு, பேசும்போது ஒன்று

சில வார்த்தைகளில் எழுத்தில் இருக்கும் சிலபிள் பேச்சில் மறைந்துவிடும். ‘பிசினஸ்’ என்று எழுதினாலும் ஆங்கிலேயர் ‘பிஸ்-னஸ்’ என்று இரண்டாகத்தான் சொல்வார்கள். ‘வெஜிடபிள்’ மூன்று சிலபிள்: ‘வெஜ்-ட-பிள்’. ‘கம்ஃபர்டபிள்’ பெரும்பாலும் ‘கம்ஃப்-ட-பிள்’. ‘வெட்னஸ்டே’ என்பது ‘வோடன்’ என்ற பழைய ஜெர்மானியக் கடவுளின் பெயரில் வந்த நாள். அந்தப் பெயரின் ‘டி’ எழுத்தில் தங்கிவிட்டது, வாயில் தேய்ந்துவிட்டது.

இதற்கு ஒரு நல்ல உத்தி இருக்கிறது. மனசுக்குள் ஸ்பெல்லிங்குக்காக ஓர் உச்சரிப்பு, வெளியே பேச ஓர் உச்சரிப்பு என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது மட்டும் ‘வெட்-நெஸ்-டே’, ‘ஃபெப்-ரு-அ-ரி’, ‘செப்-ஏ-ரேட்’, ‘டெஃப்-ஐ-நைட்-லி’ என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டால் எழுத்து விடுபடாது. ‘கவர்ன்மென்ட்’ என்பதில் ‘என்’ எங்கே வரும் என்ற சந்தேகமும், அது ‘கவர்ன்’ என்ற வினையோடு ‘மென்ட்’ சேர்ந்தது என்று தெரிந்தால் தீர்ந்துவிடும்.

‘எட்’ வந்தால் எப்போதும் ‘எட்’ என்று சொல்லணுமா?

வேண்டாம். இங்கே தவறு செய்பவர்கள் நிறையப் பேர். இறந்த காலத்துக்காக ‘இ-டி’ சேர்க்கும்போது, வினைச்சொல் ‘டி’ அல்லது ‘ட்’ ஒலியில் முடிந்தால் மட்டுமே புது சிலபிள் உருவாகும். ‘வான்-டெட்’, ‘நீ-டெட்’ இரண்டு சிலபிள். மற்றவற்றில் அந்த ‘இ’ ஒலிக்காது. ‘ஆஸ்க்ட்’, ‘வாஷ்ட்’, ‘வொர்க்ட்’, ‘பிளேய்ட்’ எல்லாம் ஒரே சிலபிள்தான். ‘ஆஸ்கெட்’, ‘வாஷெட்’ என்று சொல்வது தவறு.

விதிவிலக்கும் உண்டு. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரை மரியாதையாகக் குறிப்பிடும்போது ‘லேர்-னெட்’ என்று இரண்டு சிலபிளாகச் சொல்வார்கள். அங்கே அது ‘கற்றறிந்த’ என்ற பெயரடை.

பன்மைக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு. ‘புக்ஸ்’ ஒரே சிலபிள். ஆனால் ‘பாக்ஸ்’, ‘வாட்ச்’, ‘பஸ்’ போன்ற சீறும் ஒலியில் முடிபவை மட்டும் ‘பாக்-சஸ்’, ‘வாட்-சஸ்’, ‘பஸ்-சஸ்’ என்று ஒரு சிலபிள் கூடும்.

துண்டு போட்டால் மட்டும் போதுமா? அழுத்தம் எங்கே?

போதாது. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சிலபிள் இருந்தால், ஏதாவது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய சமமாகச் சொல்லிப் பழகியதால், இது நமக்குப் புதிது.

இதன் விளைவு அன்றாடம் தெரியும். டிக்கெட் விலை ‘தர்ட்டி’யா, ‘தர்ட்டீன்’னா? முப்பது என்றால் முதல் துண்டில் அழுத்தம். பதிமூன்று என்றால் பொதுவாக இரண்டாவது துண்டில் அழுத்தம், கூடவே ஒலியும் நீளும். போனில் தொகையோ தேதியோ சொல்லும்போது இந்த வித்தியாசம் பணத்தையே பாதிக்கலாம்.

வார்த்தையின் வாலைப் பார்த்தே அழுத்தத்தைக் கணிக்கவும் முடியும். ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ என்று முடிந்தால், பெரும்பாலும் அதற்கு நேர் முந்தைய சிலபிளில்தான் அழுத்தம். ‘எஜுகேஷன்’னில் ‘கே’. ‘எகனாமிக்’கில் ‘நா’. ‘யுனிவர்சிட்டி’யில் ‘வர்’. ‘பாலிடிக்ஸ்’, ‘அரபிக்’ போன்ற சில விதிவிலக்குகளில் முதல் சிலபிளிலேயே அழுத்தம் வரும்.

ஒரே குடும்பத்து வார்த்தைகளில்கூட அழுத்தம் நகரும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் சிலபிள். ‘ஃபோட்டாகிராஃபர்’ என்பதில் இரண்டாவது. ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்பதில் மூன்றாவது.

அழுத்தம் இல்லாத சிலபிள்களில் உயிரொலி மங்கி, ‘அ’ போல் ஒலிக்கும். இதை ‘ஷ்வா’ என்கிறார்கள். ‘பனானா’வில் மூன்று ‘ஏ’ எழுத்து இருந்தாலும் நடுவில் இருப்பது மட்டுமே முழுசாக ஒலிக்கும். ஷ்வா ஒலியை வைத்து அது ‘ஏ’வா, ‘இ’யா, ‘ஓ’வா என்று கண்டுபிடிக்க முடியாது. ஸ்பெல்லிங் போட்டியாளர்களைத் தடுமாற வைப்பதும் இதுதான். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியில் 1985-ல் பாலு நடராஜன் வென்றார். அதை வென்ற முதல் இந்திய வம்சாவளி மாணவர் அவர். 2019-ல் 8 பேர் கூட்டாகப் பட்டம் வென்றபோது அவர்களில் 7 பேர் இந்திய வம்சாவளியினர். அந்த மேடையில் போட்டியாளர்கள் வார்த்தையின் பொருளையும், அது எந்த மொழியிலிருந்து வந்தது என்பதையும் கேட்பது, ஒலி மட்டும் கைகொடுக்காத இடங்களை ஊகிக்கத்தான்.

இந்த வெட்டுகளை யார் முடிவு செய்தது?

அமெரிக்க அகராதியாளர் நோவா வெப்ஸ்டருக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பள்ளி ஆசிரியராக இருந்த அவர், 1783-ல் ஸ்பெல்லிங் கற்றுத் தரும் பாடநூலை வெளியிட்டார். அதற்கு முந்தைய நூல்கள் பழைய மரபுப்படி ‘ஹா-பிட்’, ‘க்ளு-ஸ்டர்’ என்று வெட்டின. குழந்தை அதைப் பார்த்துப் படித்தால் உச்சரிப்பு தப்பாகுமே என்று வாதிட்ட வெப்ஸ்டர், பேசும் விதப்படியே ‘ஹேப்-இட்’, ‘க்ளஸ்-டர்’ என்று மாற்றினார். 1828-ல் வந்த அவருடைய அகராதி இன்றும் பேசப்படுகிறது.

பிரிட்டனில் சொல்லின் வேரைப் பார்த்து வெட்டும் மரபு வலுவாக இருந்தது. அறிவு என்ற பொருளுடைய ‘நாலெட்ஜ்’ஜை அமெரிக்க அகராதி ‘எல்’லுக்குப் பிறகு வெட்டும். பிரிட்டிஷ் மரபு ‘நோ’ என்ற மூலச்சொல் தெரியும்படி ‘எல்’லுக்கு முன்பே வெட்டும். ஆக, இரண்டு அகராதிகளில் வெவ்வேறு மாதிரி இருந்தால் ஒன்று தப்பு என்று அர்த்தமில்லை.

அகராதியில் தலைப்புச் சொல்லுக்கு நடுவே வரும் புள்ளிகள் பல நேரம், வரி முடிவில் வார்த்தையை எங்கே உடைக்கலாம் என்பதைக் காட்டுபவை. உச்சரிப்புக்கு, பக்கத்தில் இருக்கும் ஒலிக்குறியீட்டைத்தான் பார்க்க வேண்டும். வரி உடைப்பைக் கணினிக்குச் சொல்லித் தருவதே ஒரு முனைவர் பட்ட ஆய்வாக இருந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1983-ல் ஃபிராங்க் லியாங் செய்த ஆய்வு அது. கணினிக்கும் சிக்கலான வார்த்தை ‘ரெக்கார்ட்’. பெயர்ச்சொல்லாக வந்தால் ‘சி’க்குப் பின்னால் வெட்டி முதல் சிலபிளை அழுத்த வேண்டும், ‘பதிவு செய்’ என்ற வினையாக வந்தால் ‘சி’க்கு முன்னால் வெட்டி இரண்டாவதை அழுத்த வேண்டும். எழுத்தைப் பார்த்து அல்ல, வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

விதிகள் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாகச் சொல்லித் தருவது வாசிப்புக்கு உதவுகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ல் வெளியிட்ட அறிக்கை கூறியது. ஆனால் வெட்டும் விதிகள் எல்லாமே ஒரே அளவு நம்பகமானவை அல்ல. 2020-ல் வெளியான ஆய்வில் அமெரிக்க ஆய்வாளர் டெவின் கேர்ன்ஸ், நடுவில் இரண்டு மெய் வரும் வார்த்தைகளில் விதி பெரும்பாலும் சரியாக வேலை செய்வதையும், ஒரே மெய் வரும் வார்த்தைகளில் அது அந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை என்பதையும் காட்டினார்.

அதாவது, விதியை மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பிப்பதில் பயனில்லை. ‘இப்படி வெட்டிப் பார், சரியாக வரவில்லையா, அப்படி வெட்டிப் பார்’ என்ற பழக்கம்தான் முக்கியம்.

வீட்டில் எப்படிப் பழகுவது?

ஒரு நாளைக்குப் பாடப்புத்தகத்திலிருந்து ஐந்து நீள வார்த்தைகள் போதும்.

* உயிரொலிகளை எண்ணி, எத்தனை சிலபிள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.
* ஒட்டுகளைப் பிரித்துவிட்டு, மிச்சத்தைப் பென்சிலால் கோடு போட்டு வெட்டுங்கள்.
* ஒவ்வொரு துண்டாகச் சொல்லி, பிறகு சேர்த்து வேகமாகச் சொல்லுங்கள்.
* போனில் உள்ள அகராதியில் ஒலியைக் கேட்டு, எந்தத் துண்டில் அழுத்தம் என்று அடிக்கோடு போடுங்கள்.
* புத்தகத்தை மூடிவிட்டு, துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டே எழுதிப் பாருங்கள்.

இவ்வளவு பயிற்சிக்குப் பிறகும் ஒரு குழந்தை எழுத்துகளை மாற்றிப் போட்டு, படிக்கவே தொடர்ந்து சிரமப்பட்டால், ‘கவனம் இல்லை’ என்று திட்டாமல் டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று நிபுணரிடம் காட்டுவது நல்லது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

லண்டன்காரர் மாதிரியோ நியூயார்க்காரர் மாதிரியோ பேச வேண்டும் என்பது இதன் நோக்கமில்லை. தமிழ் வாடையோடு பேசும் ஆங்கிலமும் ஆங்கிலம்தான். சிலபிளும் அழுத்தமும் சரியாக விழுந்தால் கேட்பவருக்குப் புரியும். எழுதும்போது எழுத்து தப்பாது. அந்த இரண்டும் கிடைத்தாலே 11 எழுத்து வார்த்தையைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.